கொல்லைப்புறத்துப் பழைய குழாய்

பெங்களூரில் அல்சூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயர்கள் பெங்களூரில் தங்கள் பட்டாளத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் பிறகு தமிழ் பேசும் மக்கள் பலர் பிழைப்புக்காக இங்கே வந்து குடியேறினார்கள். இன்றும் அல்சூர் சந்துகளில் தமிழ் காதில் விழும்.

அந்தச் சந்து ஒன்றில் ஒரு பழைய ஓட்டு வீடு. அதில் ஒரு பாட்டி, அவருடைய மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கொல்லை. அங்கே ஒரு முருங்கை மரம், துணி துவைக்கும் கல். சுவர் ஓரமாக ஒரு குழாய் மண்ணிலிருந்து ஒரு முழம் உயரம் நீட்டிக்கொண்டு இருந்தது. அதன் வாயில் பழைய சாக்கு ஒன்றைத் திணித்து வைத்திருந்தார்கள்.

பெருச்சாளி அதன் வழியாகத்தான் வந்தது. கரப்பான் பூச்சியும் வந்தது. மழைக்காலத்தில் அந்த இடத்து மண் சொதசொதவென்று இருக்கும். சின்னப் பேரன் இரண்டு முறை தடுக்கி விழுந்தான்.

"அந்தக் குழாயை எடுத்துட்டு, அங்க ஒரு சின்ன அறை கட்டிடலாம் அத்தை" என்றாள் மருமகள்.

"எடுக்கலாம். ஆனா எங்க போய் முடியுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுக்கணும்" என்றார் பாட்டி.

வீட்டின் கதை

பாட்டி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது கொல்லையில் எடுப்புக் கக்கூஸ்தான் இருந்தது. வீடுகளுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து. விடியற்காலையில் தொழிலாளிகள் அந்தச் சந்து வழியாக வருவார்கள். மலத்தை வாரி, தலையில் சுமந்து கொண்டு போவார்கள். அந்த மனிதர்களின் முகத்தைக்கூட வீட்டார் பார்த்தது கிடையாது.

1970-களில் கர்நாடகத்தில் இந்தக் கொடுமைக்குத் தடை வந்தது. அப்போது தேவராஜ் அர்ஸ் முதலமைச்சர். அமைச்சர் பி. பசவலிங்கப்பா மலத்தைத் தலையில் சுமக்கும் வழக்கத்தை ஒழிக்க முன்நின்றார்.

பாட்டியின் கணவர் அந்தக் காலத்தில்தான் தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் கட்டினார். கொல்லையில் ஒரு செப்டிக் டேங்க் கட்டி, குழாய் பதித்தார். பிறகு தெருவில் பாதாளச் சாக்கடை வந்தது. 1992-ல் இந்த வீட்டுக்கும் இணைப்பு கிடைத்தது. புதுக் கக்கூஸ், புதுக் குழாய், புதுச் சேம்பர் எல்லாம் வந்தன.

பழைய டேங்க்கின் மேல் பலகைக்கல் போட்டு மண்ணைத் தள்ளினார்கள். பழைய குழாயை அப்படியே விட்டுவிட்டார்கள். வீட்டில் இரண்டு தலைமுறை மாறியது. டேங்க் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே மறந்துபோனது.

பயன்படாத குழாய்தானா?

மேஸ்திரி வந்தார். கூட இருபது வயதுப் பையன் ஒருவன் கையாளாக வந்தான்.

"முப்பது வருஷமா சும்மா கிடக்கிற பைப்புதானே? அரை நாள் வேலை" என்றார் மேஸ்திரி.

பாட்டி கேட்டார்: "சும்மா கிடக்குதுன்னா மண் ஏன் ஈரமா இருக்கு?"

நல்ல கேள்வி. மழை இல்லாத மாதத்திலும் அங்கே ஈரம் காயவில்லை.

அந்த வீடு பங்கு பிரித்த வீடு. பாதி பாட்டியின் கொழுந்தனார் குடும்பத்துக்குப் போனது. நடுவில் சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு மேலே இரண்டு வீடு. மண்ணுக்குக் கீழே?

மருமகள் ஒரு வழி சொன்னாள். ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்தாள். அதைப் பக்கத்து வீட்டுக் குளியலறையில் ஊற்றச் சொன்னாள். இந்தப் பக்கம் மேஸ்திரி குழாயின் பக்கத்தில் ஒரு முழம் தோண்டி, ஒரு மூட்டை விலக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். சிறிது நேரத்தில் நீலத் தண்ணீர் ஓடி வந்தது!

இத்தனை வருடமும் பக்கத்து வீட்டுக் குளியல் தண்ணீர் இந்தக் குழாயில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது அவர்களுக்கும் தெரியாது. குழாயைப் பிடுங்கி இருந்தால் அவர்கள் வீட்டுத் தண்ணீர் இந்த வீட்டுக் கடைக்காலில் இறங்கி இருக்கும். இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்திருக்கும்.

இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசியது. பக்கத்து வீட்டுத் தண்ணீருக்குப் புதிய பி.வி.சி. குழாய் போட்டு, அவர்கள் வீட்டுச் சேம்பரிலேயே சேர்த்தார்கள். செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டார்கள். பிறகு மறுபடியும் நீலத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். பழைய குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை. அதன் பிறகே வேலை தொடங்கியது.

தோண்டும் வேலை

தோண்டுவதற்கு முன் மேஸ்திரி மூன்று விஷயம் கேட்டார். மண்ணுக்குள் கரண்ட் ஒயர் போகிறதா? குடிதண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது? சுவரின் கடைக்கால் எவ்வளவு ஆழம்? சாக்கடைக் குழாயைத் தோண்டும்போது குடிதண்ணீர்க் குழாய் உடைந்தால் சாக்கடை அதில் கலந்துவிடும். வீடு முழுவதும் வாந்தி பேதி வரும்.

சுவரை ஒட்டி ஒரே மூச்சில் நீளமாகத் தோண்டவில்லை. கொஞ்ச தூரம் தோண்டி, குழாயை எடுத்து, மண்ணை மூடிவிட்டு, அடுத்த இடத்துக்குப் போனார்கள். பழைய சுவருக்குப் பக்கத்தில் நீளமான பள்ளத்தைத் திறந்து போட்டால் சுவர் சாயும்.

வெட்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பில் குவிக்கவில்லை. இரண்டு அடி தள்ளிக் கொட்டினார்கள். ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் கனம். அது சரிந்தால் ஆளை எழுந்திருக்க விடாது. இந்தப் பள்ளம் 2 அடி ஆழம்தான். 5 அடிக்கு மேல் தோண்ட வேண்டி வந்தால் இரு பக்கமும் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும்.

கொல்லையில் மூன்று வகைக் குழாய் கிடைத்தது.

மண்ணுக்குள் இருந்தது பழுப்பு நிறப் பீங்கான் குழாய். சுட்ட களிமண்ணில் செய்து, மேலே பளபளப்புப் பூசியது. ஒரு குழாயின் வாயில் அடுத்த குழாயைச் செருகி, சிமெண்ட் வைத்து மூட்டு போட்டிருந்தார்கள். அந்தச் சிமெண்டை உளியால் மெல்லத் தட்டினால் குழாய் முழுசாக வரும். உடைந்தால் விளிம்பு கத்தி மாதிரி கையைக் கிழிக்கும்.

கக்கூஸ் சுவரில் இருந்தது வார்ப்பிரும்புக் குழாய். ஒரு குழாயைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அதன் மூட்டுகளில் சணலை அடைத்து, மேலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி இருப்பார்கள். ஈயம் விலை போகும் என்று சிலர் நெருப்பு வைத்து உருக்குவார்கள். அந்தப் புகை நரம்பைக் கெடுக்கும். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். மேஸ்திரி உருக்கவில்லை. குழாயை மூட்டோடு பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தார்.

சுவர் மேல் உயரமாக நின்றது காற்றுப்போக்கிக் குழாய். அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் செய்தது. அதை வாளால் அறுக்கக் கூடாது. அடித்து நொறுக்கவும் கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கினால் பல வருடம் கழித்தும் புற்றுநோய் வரலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகக் கழற்றி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்தார்கள்.

பையன் வெறுங்கையோடு வேலை செய்தான். மருமகள் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தாள். பெருச்சாளி நடமாடும் இடத்தில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. அதன் சிறுநீர் பட்ட ஈர மண்ணிலிருந்து, காலில் உள்ள சிறு காயம் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உடம்பில் ஏறும். காயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய், டி.டி. ஊசி தேவையா என்று கேட்க வேண்டும்.

மண்வெட்டி விழுந்தது

இரண்டாம் நாள் குழாயின் கடைசி வந்தது. அங்கே மண்ணை ஒதுக்கினால் பலகைக்கல். மறந்துபோன செப்டிக் டேங்க்!

"கல்லு மேல நிக்காதேடா" என்றார் மேஸ்திரி. பழைய பலகைக்கல் எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. இருவரும் பக்கத்தில் நின்று கடப்பாரையால் ஒரு கல்லை நெம்பினார்கள். கல் நகர்ந்தது. விளிம்பில் சாத்தி இருந்த மண்வெட்டி நழுவி உள்ளே விழுந்தது.

தொப்பென்று சத்தம். உள்ளே ஏடு கட்டி இருந்த கழிவு உடைந்தது. குமிழ் குமிழாகக் கிளம்பியது. அழுகிய முட்டை நாற்றம் வீசியது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பையன் எட்டிப் பார்த்தான். 5 அடி ஆழம். அடியில் ஒரு முழம் கறுப்புத் தண்ணீர். மண்வெட்டியின் பிடி வெளியே தெரிந்தது.

"நாத்தம் போயிடுச்சு மேஸ்திரி. ஏணி வச்சா ஒரு நிமிஷத்துல எடுத்துடுவேன்" என்றான்.

"குளிச்ச தண்ணிதான் கிடக்குது. முப்பது வருஷமா மலம் விழலை. இறங்குடா, சீக்கிரம் ஏறிடு" என்றார் மேஸ்திரி.

மகன் சொன்னான்: "ஒரு மெழுகுவத்தி ஏத்திக் கயித்துல விட்டுப் பார்க்கலாம். அணையலைன்னா இறங்கலாம்."

பையன் ஏணியை எடுத்து வந்தான். ஒரு காலை முதல் படியில் வைத்தான். பாட்டி எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இறங்காதே கண்ணு."

"ஒரு நிமிஷம் பாட்டி."

"பின் தெருவுல ஒருத்தன் இப்படித்தான் இறங்கினான். வாளியை எடுக்கத்தான் இறங்கினான். சத்தம்கூட வரலை. தம்பியைத் தூக்கப்போறேன்னு அண்ணன் இறங்கினான். ரெண்டு பேரையும் கயிறு கட்டித்தான் மேலே எடுத்தாங்க. அவங்க அம்மா இன்னும் இருக்கா."

யாரும் பேசவில்லை. பையன் காலை எடுத்துவிட்டான்.

"மண்வெட்டி என்ன விலை மேஸ்திரி? நான் தர்றேன்" என்றார் பாட்டி.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். "வேணாம்மா. நான் யோசிக்காம சொல்லிட்டேன்" என்றார்.

பாட்டி செய்தது சரியா?

சரி. ஏன் என்று பார்ப்போம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் 100-க்கு 21 பங்கு பிராணவாயு இருக்கிறது. மூடிய தொட்டிக்குள் கழிவு மக்கும்போது பிராணவாயு குறைந்துபோகிறது. அது மிகவும் குறைந்துபோனால், இறங்கியவர் சில நொடிகளிலேயே மயங்கி விழலாம். "காப்பாத்துங்க" என்று கத்தக்கூட நேரம் இருக்காது.

அதோடு விஷவாயு இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் வீசுவது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. அது காற்றைவிடக் கனமானது. அதனால் தொட்டியின் அடியில் தேங்கும். கழிவைக் கலக்கினால் குபுக்கென்று மேலே வரும். இந்த வாயு அதிகமானால் நம் மூக்கு மரத்துப்போகும். அப்போது நாற்றம் தெரியாது. ஆகவே நாற்றம் இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று நினைக்கக் கூடாது.

மெழுகுவத்தி வைத்துப் பார்க்கலாமா? கூடாது. தொட்டியில் மீத்தேன் என்ற வாயுவும் இருக்கும். அது தீப்பிடிக்கும், வெடிக்கும். மேலும் விஷவாயு இருந்தாலும் மெழுகுவத்தி அணையாமல் எரியலாம். விளக்கு எரிகிறதே என்று இறங்கியவர்கள் செத்திருக்கிறார்கள்.

குளியல் தண்ணீர்தானே என்று சொல்லலாமா? அதுவும் தவறு. சோப்பு, அழுக்கு, முடி எல்லாம் மக்கும். அடியில் பழைய கழிவும் இருக்கும். முப்பது வருடம் மூடிக் கிடந்த தொட்டி இன்னும் ஆபத்தானது.

ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் என்ன செய்வது? காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது. இப்படி ஒருவர் பின் ஒருவராக இறங்கித்தான் பல இடங்களில் இரண்டு மூன்று உயிர்கள் போகின்றன. உடனே 112-க்குப் போன் செய்ய வேண்டும். காற்றுச் சிலிண்டர் மாட்டிய தீயணைப்பு வீரர்கள்தான் இறங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனிதர்களைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-ஆம் ஆண்டு வந்தது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். காண்ட்ராக்டர் மட்டும் அல்ல, வீட்டுக்காரரும் குற்றவாளிதான். முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"அவனே சம்மதிச்சுத்தான் இறங்கினான்" என்று சொல்லித் தப்ப முடியாது.

சாக்கடையில் இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் கிடைத்தாலும் போன உயிர் வராது.

வேலை முடிந்தது

டேங்க்கைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. மறுநாள் கழிவு உறிஞ்சும் லாரி வந்தது. நீளமான ரப்பர்க் குழாயைப் பின் சந்து வழியாகக் கொண்டுவந்து, இருந்ததை எல்லாம் உறிஞ்சி எடுத்தார்கள். யாரும் உள்ளே இறங்கவில்லை.

பாட்டி பரணிலிருந்து ஒரு பொருளை எடுத்து வரச் சொன்னார். அது பாதாளக் கரண்டி! அந்தக் காலத்தில் கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பார்களே, அதே கொக்கிக் கொத்து. கயிற்றில் கட்டி மேலே இருந்தபடியே விட்டார்கள். மூன்றாவது முறை மண்வெட்டி மாட்டிக்கொண்டது. பையன் இழுத்து எடுத்துச் சிரித்தான்.

டேங்க்கிலிருந்து சேம்பருக்குப் போன குழாயின் வாயை செங்கல், சிமெண்ட் வைத்து நன்றாக அடைத்தார்கள். அடைக்காவிட்டால் சாக்கடை வாயுவும் பெருச்சாளியும் அந்த வழியாகத் திரும்ப வரும். தெருவில் இருக்கும் மேன்ஹோலை அவர்கள் தொடவில்லை. அது ஜலமண்டலியின் பொறுப்பு. அங்கே அடைப்பு இருந்தால் 1916 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

கடைசியில் டேங்க்கில் சுண்ணாம்பு தூவி, மண்ணையும் கல்லையும் மேலே இருந்தே கொட்டினார்கள். அரை அடி மண், அதன் மேல் தண்ணீர், பிறகு திமிசு போட்டு இடித்தல். மறுபடி அரை அடி மண். இப்படி மேலே வரை நிரப்பினார்கள். ஒரேயடியாகக் கொட்டி மூடினால் மழையில் மண் உள்வாங்கும். அதன் மேல் கட்டும் சுவர் வெடிக்கும்.

உடைந்த குழாய்த் துண்டுகளை மழைநீர் ஓடும் ராஜகால்வாயில் வீசவில்லை. கட்டடக் கழிவு எடுக்கும் வண்டிக்குக் கொடுத்தார்கள்.

மருமகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கொல்லையின் படம் வரைந்தாள். புதுக் குழாய் எங்கே போகிறது, சேம்பர் எங்கே, மூடிய டேங்க் எங்கே என்று குறித்தாள். தேதியும் போட்டாள். அதை வீட்டுப் பத்திரத்தோடு வைத்தாள்.

"இனிமே யாரும் மறக்க மாட்டாங்க அத்தை" என்றாள்.

கூலி வாங்கிக்கொண்டு பையன் கிளம்பினான். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"வர்றேன் பாட்டி" என்றான்.

"பத்திரமா போயிட்டு வா கண்ணு" என்றார் பாட்டி.

நினைவில் வைப்போம்

1. பழைய குழாயை எடுக்கும் முன், அதில் தண்ணீர் ஓடுகிறதா என்று நீலம் கலந்து ஊற்றிப் பார்ப்போம்.
2. ஆஸ்பெஸ்டாஸ் குழாயை அறுக்க மாட்டோம். ஈயத்தை உருக்க மாட்டோம்.
3. செப்டிக் டேங்க்கில் யாரையும் இறக்க மாட்டோம். நாமும் இறங்க மாட்டோம்.
4. டேங்க் அருகில் பீடி, தீக்குச்சி, மெழுகுவத்தி கூடாது.
5. எடுத்த குழாயின் மறுமுனையை அடைப்போம்.
6. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதி வைப்போம்.

படித்ததைச் சொல்லுங்கள்

1. மழை இல்லாதபோதும் கொல்லை மண் ஏன் ஈரமாக இருந்தது?
2. நாற்றம் நின்றுவிட்டால் ஆபத்து போய்விட்டதா? ஏன்?
3. மண்வெட்டியை எப்படி எடுத்தார்கள்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. நாம் சுவாசிக்கும் காற்றில் 100-க்கு ______ பங்கு பிராணவாயு உள்ளது.
2. அவசர உதவிக்கு அழைக்கும் எண் ______.
3. மனிதர்களைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் ______-ஆம் ஆண்டு வந்தது.

கணக்குப் போடுங்கள்

டேங்க்கின் நீளம் 6 அடி, அகலம் 4 அடி, ஆழம் 5 அடி. அதை நிரப்ப எத்தனை கன அடி மண் வேண்டும்?

கலந்து பேசுங்கள்

உங்கள் தெருவில் செப்டிக் டேங்க்கை யார் சுத்தம் செய்கிறார்கள்? எப்படிச் செய்கிறார்கள்? ஆளை இறக்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?